சித்தி ஃப்ரீதானே

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவளுக்குச் சித்தி என்றுதான் பெயர். முதலில் அக்கா பிள்ளைகள் இரண்டும் அப்படிக் கூப்பிட்டன, அதில் நியாயம் இருந்தது. பிறகு பக்கத்து வீட்டு டீச்சர் ஆரம்பித்தாள். டீச்சருக்கு இவளைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். அப்புறம் வாட்ச்மேன், அவனுக்கு அப்புறம் பால் போடுகிறவர். கடைசியில் அக்காவின் கணவரே, இவள் வாய் நிறைய அத்தான் என்று அழைக்கும் அந்தப் பெரிய மனிதரே, "சித்தியைக் கொஞ்சம் வரச்சொல்லு" என்று சொல்லத் தொடங்கினார். ஊருக்கே சித்தியாகிப்போனவள் தலையில் ஊர் வேலையெல்லாம் வந்து விழுந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை.

கணவன் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, அவள் வேலை பார்த்த பேக்கிங் கம்பெனியும் கதவைச் சாத்திவிட்டது. "அங்க தனியா உக்காந்து செவுத்தப் பாத்துக்கிட்டு இருப்பியா? இங்க வந்துடுடி" என்று அக்காதான் நேரில் போய்ப் பெட்டி கட்டிக் கூட்டி வந்தாள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும். அக்கா கெட்டவள் இல்லை. தங்கைக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடியக் கண் மூடாமல் பக்கத்தில் இருப்பாள். தங்கையை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். ஆனால் தங்கைக்கும் ஒரு நாள் என்று ஒன்று உண்டு, அதில் அவளுக்கென்று ஏதாவது வேலை இருக்கலாம் என்பது மட்டும் அக்காவின் புத்தியில் உறைக்கவே இல்லை.

அந்த வீட்டில் அதிகம் புழங்கிய இங்கிலீஷ் வார்த்தை 'ஃப்ரீ'. அத்தானுக்குச் சர்க்கரை வியாதி, ஆகவே அவருக்குச் சுகர் ஃப்ரீ பிஸ்கட். அதை அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே டப்பா டப்பாவாகக் காலி செய்வார். அக்காவின் மூத்த மகள் கூந்தலை ஃப்ரீயாக விட்டுக்கொண்டு காலேஜுக்குப் போவாள். "முடியக் கட்டுடி, கொழம்புல விழுது" என்று அக்கா தினமும் கத்துவாள். தையல்காரர், "கை கொஞ்சம் ஃப்ரீயா வச்சுடட்டுமா?" என்று கேட்பார். கேட்காவிட்டாலும் வைத்துவிடுவார், அந்தக் கைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம். டாக்டர் வயிற்றை அமுக்கி, "ஃப்ரீயா போகுதா?" என்பார். சமையலறைக் குழாயின் திருகு ஃப்ரீயாகிப்போய் எந்தப் பக்கம் திருப்பினாலும் சுற்றிக்கொண்டே இருந்தது. சோப்பு மூன்று வாங்கினால் ஒன்று ஃப்ரீ. யாராவது மனசு கஷ்டப்பட்டு உட்கார்ந்திருந்தால் அத்தான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "விடு, விடு, ஃப்ரீயா விடு" என்று ஆறுதல் சொல்லிவிடுவார். இப்படி ஒரே வார்த்தை, பிஸ்கட்டுக்கு ஒரு விதம், வயிற்றுக்கு ஒரு விதம், முடிக்கு ஒரு விதமாக நடந்துகொண்டது.

சித்தி விஷயத்தில் மட்டும் அதற்கு ஒரே அர்த்தம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கேட்கக்கூட வேண்டாம் என்பது அந்த அர்த்தம். "சித்தி ஃப்ரீதானே, கேஸ் வந்தா எடுத்து வைக்கட்டும்." "சித்தி ஃப்ரீதானே, பேங்க்ல போய் நிக்கட்டும்." ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு பொருளை டெலிவரி செய்ய ஆள் வருகிறான் என்றால், அந்த வீட்டுச் சாவியோடு சித்தி அங்கே உட்கார்ந்திருப்பாள். அக்காவும் அத்தானும் தங்கள் வீட்டுக் குடையை அடுத்தவர்களுக்குக் கொடுத்து அனுப்புவது போல அவளையும் கொடுத்து அனுப்பினார்கள். குடையையாவது திரும்பி வந்ததா என்று தேடுவார்கள்.

நீச்சலும் அப்படித்தான் அவளிடம் வந்து சேர்ந்தது. அக்காவின் சின்ன மகளை நகராட்சி நீச்சல் குளத்தில் சேர்த்திருந்தார்கள். கூட்டிப் போவது யார்? சித்திதான், வேறு யார்? அந்தக் குழந்தை ஒற்றைக் காலைத் தண்ணீரில் வைத்து, கட்டடம் இடிந்து விழுந்தாற்போல ஒரு கத்துக் கத்தியது. இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் வீட்டு வாசலிலேயே கத்த ஆரம்பித்துவிட்டது. குளத்து ஆபீசில் போய்க் கேட்டால், கட்டினது கட்டினதுதான், திரும்ப வராது என்றார்கள்.

"அப்போ அவ்வளவும் தண்ணியிலயா?" என்று அக்கா தலையில் கை வைத்தாள். பிறகு தங்கையைப் பார்த்துச் சிரித்தாள். "பேசாம நீ போயேன்டி. நீதான் ஃப்ரீயா இருக்கியே!"

அக்கா விளையாட்டுக்குத்தான் சொன்னாள். சித்தி மறுநாளே போய்விட்டாள்.

பெண்களுக்கென்று அந்தக் குளத்தில் மத்தியானத்துக்கு முன்னும் பின்னுமாகக் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மாமியார் தூங்கும் நேரம், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம் என்று கணக்குப் போட்டு வரும் பத்துப் பதினைந்து பேர்தான் கூட்டம். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு பெண் கோச் இருந்தாள். சித்தி வயதில் பாதிதான் இருக்கும், ஆனால் கழுத்தில் தொங்கிய விசிலைவிட அவள் குரல் பெரிது. சின்னப் பெண் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு அவளும் சித்தி என்றே அழைத்தாள்.

"உடம்ப ஃப்ரீயா விடுங்க சித்தி."

"விட்டுட்டேன்."

"எங்க விட்டீங்க? பலகை மாதிரி வெறச்சுக்கிட்டு இருக்கீங்க. பலகையாவது மிதக்கும், நீங்க முழுகறீங்க."

அந்த வார்த்தைக்கு இப்படியும் ஓர் அர்த்தம் இருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. உடம்பை எப்படி விடுவது? கழுத்தை விட்டால் தோள் இறுகியது. தோளை விட்டால் தாடை இறுகியது. எப்போது யார் கூப்பிடுவார்களோ என்று எழுந்து ஓடத் தயாராகவே இருந்து பழகிய உடம்பு அது. பல நாள் மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, கண் சிவந்து, கடைசியில் ஒரு நாள் காது இரண்டும் தண்ணீருக்குள் போய் உலகத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் ஆனபோது, அவள் மிதந்துகொண்டிருந்தாள். கூரையைப் பார்த்தபடியே அழுதாள். தண்ணீரில் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அவளைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியவில்லை. கற்றுக்கொள்ள வந்த மற்றவர்கள் ஆழமில்லாத பக்கம் நின்று ஊர்க்கதை பேசும்போது, இவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் போய் வந்துகொண்டிருப்பாள். தோள் வலித்தால் காலை மட்டும் அடிப்பாள். வீட்டில் ஒருவரும் எதையும் கவனிக்கவில்லை. ஈரத் தலையோடு வந்து சாதம் வைக்கிறாள் என்றால், குளித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அப்படி இருக்கையில், பெண்கள் நேரத்துக்குக் காவல் இருந்த கார்டு வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போகிறாள் என்று செய்தி வந்தது. உயரமான நாற்காலியில் உட்கார்ந்து குளத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, யாராவது மூழ்கினால் குதித்துத் தூக்குவது, அதுதான் கார்டின் வேலை. குளத்து மேனேஜருக்கு இதில் உள்ளூர சந்தோஷம். பெண்கள் நேரத்தை எடுத்துவிட்டு அந்த நேரத்தையும் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று அவருக்கு நீண்ட நாள் ஆசை. "லேடி கார்டு இல்லன்னா லேடீஸ் டைமும் இல்ல. அது ரூல்" என்று கையை விரித்துவிட்டார்.

"சித்தி, நீங்க டெஸ்டுக்கு நில்லுங்க" என்றாள் கோச்.

"நானா? என் வயசுக்கா?"

"தண்ணிக்கு உங்க வயசு தெரியாது. நிப்பீங்களா, மாட்டீங்களா?"

அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது சித்திக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த வேலை அவளுக்கு வேண்டும். வேண்டும் என்றால், சின்ன வயதில் ஒரு பொருளுக்காகத் தெருவில் புரண்டு அழுவோமே, அந்த மாதிரி வேண்டும். தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் அவள் ஓரிடத்தில் இருந்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் ஒரு உயிர் போய்விடும் என்று இருப்பது எப்படி இருக்கும்? அந்த நேரத்தில் அவளை யாரும் எங்கேயும் கொடுத்து அனுப்ப முடியாது.

டெஸ்டில் மூன்று பாகம். நிற்காமல் நான்கு முறை போய் வர வேண்டும். ஆழமான பக்கத்தில் அடியில் கிடக்கும் ரப்பர்க் கட்டியை முங்கி எடுத்து வர வேண்டும். மூன்றாவது, ஓர் ஆளை அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கு இழுத்து வர வேண்டும். இந்த மூன்றாவதில் கோச் ஒரு பிடிவாதம் வைத்திருந்தாள். இழுக்கப்படும் ஆள் நீச்சல் தெரியாதவராக இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் தங்களை அறியாமலே காலை அடித்து உதவி செய்துவிடுவார்கள், அது ஏமாற்று வேலை என்பாள். அந்த ஆளை டெஸ்டுக்கு நிற்பவரேதான் கூட்டி வர வேண்டும். "உங்கள நம்பி ஆழத்துல எறங்க ஒருத்தர் வேணும். அப்படி ஒருத்தர் கிடைக்கலன்னா, நாளைக்குக் குளத்துல இருக்கறவங்க எப்படி நம்புவாங்க?"

டெஸ்ட் வெள்ளிக்கிழமை என்று ஆனது. அது முடிவான அன்று இரவுச் சாப்பாட்டின்போது சித்தி விஷயத்தைச் சொன்னாள். குளம், கார்டு வேலை, டெஸ்ட், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

"ஓ, நல்லதுதானே" என்றார் அத்தான், பாதிக் காதில் கேட்டுக்கொண்டு. "எந்த வெள்ளிக்கிழமை? வர்ற வெள்ளியா? அன்னிக்குத்தான் ஆபீஸ் ஃப்ரெண்டோட அம்மாவக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக உன்ன அனுப்பறேன்னு சொல்லிட்டேனே."

"நீங்க வேற!" என்று அக்கா அவரை அடக்கினாள். "அன்னிக்கு வாஷிங் மெஷின் மெக்கானிக் வர்றான். இவ வீட்ல இருக்கணும்."

மூத்த மகள் தட்டிலிருந்து தலை நிமிர்ந்தாள். "பக்கத்து வீட்டு டீச்சரும் அன்னிக்கு ஊருக்குப் போறாங்களாம். அவங்களுக்கு என்னமோ கட்டில் வருதாம். சித்தி இருப்பாங்க, வாங்கி வச்சுடுவாங்கன்னு நான் சொல்லிட்டேன்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே சித்தியை மூன்று இடத்துக்குக் கொடுத்திருந்தார்கள். உடனே யார் விட்டுக்கொடுப்பது என்று அவர்களுக்குள் வாக்குவாதம் ஆரம்பித்தது. மெஷினா, கட்டிலா, கண்ணா? நடுவில் உட்கார்ந்திருந்தவளை ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் மூணு இடத்துக்கும் போகல" என்றாள் சித்தி.

சத்தம் நின்றது.

"வெள்ளிக்கிழமை நான் ஃப்ரீ இல்ல. நான் குளத்துக்குப் போறேன்." அதோடு நிறுத்தவில்லை. "எனக்கு ஒரு ஆள் வேணும். நீச்சல் தெரியாத ஆள். உங்க யாருக்கும் தெரியாது. யாராவது ஒருத்தர் வாங்க, ஒரு மணி நேரம் போதும்."

அப்போது பார்க்க வேண்டுமே! அத்தானுக்கு ஆபீசில் ஆடிட். தவிர, அது பெண்கள் நேரம். அந்தச் சாக்கு, கும்பிடப்போன தெய்வம் போலக் குறுக்கே வந்து அவரைக் காப்பாற்றியது. அக்காவுக்கும் அவள் ஆபீசில் தலைக்கு மேல் வேலை. தவிர, தண்ணீர் என்றால் அவளுக்கு உயிரே போய்விடும். முகம் கழுவும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொள்பவள் அவள். மூத்த மகள் மட்டும், சித்தியின் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, "நான் வர்றேன் சித்தி. ப்ராமிஸ்" என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நான்கு முறை போய் வருவதைச் சித்தி மூச்சு வாங்காமல் முடித்தாள் என்று சொன்னால் அது பொய். நன்றாகவே மூச்சு வாங்கியது. ஆனால் முடித்தாள். ரப்பர்க் கட்டியை முதல் முறை முங்கியதில் தவறவிட்டு, இரண்டாம் முறை தூக்கிக்கொண்டு வந்தாள். டெஸ்ட் என்பதால் கரையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்த மேனேஜர், "ம்" என்றார். அந்த 'ம்'மில் பாராட்டைத் தேடினால் கிடைக்காது.

"ஆள் எங்க சித்தி?" என்றாள் கோச்.

சித்தி துண்டைப் போர்த்திக்கொண்டு போய்ப் பையிலிருந்து போனை எடுத்தாள். மூத்த மகளிடமிருந்து செய்தி வந்திருந்தது. சாரி சித்தி, திடீர்னு ப்ராஜெக்ட் ரிவ்யூ வச்சுட்டாங்க, வர முடியல, ரொம்ப சாரி. கீழே கை கூப்பும் பொம்மை மூன்று. அதற்குக் கீழே அக்காவிடமிருந்து வந்து எடுக்கப்படாத அழைப்புகள் வரிசையாக நின்றன.

அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் உட்காரவில்லை. குளித்துக்கொண்டிருந்த பெண்களிடம் போனாள். அவர்கள் எல்லோருக்கும் ஓரளவு நீச்சல் தெரியும், ஒருத்தியும் தேற மாட்டாள் என்று கோச் தலையாட்டிவிட்டாள். சித்தி ஈரத் துண்டோடு, செருப்புகூடப் போடாமல், நேராக வாசல் கேட்டுக்குப் போய் நின்றாள்.

"அம்மா, நீச்சல் தெரியுமா உங்களுக்கு?"

காய்கறிப் பையோடு போன பெண் திகைத்து நின்றாள். "தெரியாதேம்மா."

"ரொம்ப நல்லதாப் போச்சு. ஒரு அரை மணி நேரம் தண்ணியில மிதக்க வர்றீங்களா? நான் பிடிச்சுக்குவேன்."

அந்தப் பெண் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டி நடை போட்டாள். அடுத்து வந்தவள் சிரித்தாள். அதற்கடுத்து வந்தவள், இது ஏதோ டிவி நிகழ்ச்சி என்று நினைத்து கேமராவைத் தேடினாள். சித்திக்கு மானம் போகிறது என்று தெரியாமல் இல்லை. போகட்டும் என்று நின்றாள். தெருவில் நீச்சல் தெரியாத ஒரு மனுஷி கடைசியாகப் போகும் வரை நிற்பது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

அப்போதுதான் ஒரு டாக்ஸி கிரீச்சென்று வந்து நின்று, அதிலிருந்து அக்கா இறங்கினாள். மூக்குக்கு மேல் கோபம்.

"என்னடி இது கோலம்? நடுத்தெருவுல துண்டக் கட்டிக்கிட்டு! போன் எடுக்க மாட்டியா? மெக்கானிக் கதவத் தட்டித் தட்டிப் பாத்துட்டு எனக்குப் போன் பண்றான், நான் ஆபீஸ்ல பாதி வேலையில எழுந்து வந்திருக்கேன். டீச்சர் வீட்டுக் கட்டில் மாடிப்படியில குறுக்க நிக்குது, ஒருத்தர் ஏற முடியல. உங்க அத்தான் ஃப்ரெண்டோட அம்மா தனியா ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணுல மருந்து விட்டுக்கிட்டு, சித்தி எங்க, சித்தி எங்கன்னு கேக்கறாங்களாம். என்ன நெனப்புடி உனக்கு?"

"வரமாட்டேன்னு அன்னிக்கே சொன்னேனே அக்கா."

"சொன்னே. நீ ஏதோ கோவத்துல சொல்றேன்னு இருந்தேன். சரி, வண்டி நிக்குது, ஏறு."

"ஏற மாட்டேன். நீ உள்ள வா."

"எதுக்கு?"

"தண்ணியில எறங்க. உன் பொண்ணு வரல. எனக்கு வேற யாரும் இல்ல."

"உனக்குப் பைத்தியம் கிய்த்தியம் பிடிச்சுடுச்சா? எனக்குத் தண்ணின்னா எப்படின்னு தெரியாதா உனக்கு? அதுவும் இல்லாம எனக்கு நேரம் எங்கடி இருக்கு?"

"என் நேரம் அத்தனையும் உன் வீட்லதான் இருக்கு அக்கா. அதுலேர்ந்து அரை மணி நேரம் குடு."

கத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அக்கா ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேனேஜர் கேட் வரைக்கும் நடந்து வந்துவிட்டார். "ஆள் கிடைக்கலன்னா முடிச்சுக்கலாம்மா. எனக்கும் வேலை இருக்கு. வீட்ல சும்மா இருக்கறவங்க, உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டமெல்லாம்?"

அக்கா அவர் பக்கம் திரும்பிய வேகத்தில் கைப்பை தோளிலிருந்து நழுவியது. "யாரப் பாத்துச் சும்மா இருக்கறவங்கறீங்க? இவ ஒருத்தி ஒரு நாள் இல்லன்னு மூணு வீடு நின்னு போய்க் கெடக்கு, தெரியுமா? காலையில எழுந்ததுலேர்ந்து இவ..."

அக்கா சொன்னது அவள் காதிலேயே விழுந்துவிட்டது. தங்கையின் வெறுங்காலைப் பார்த்தாள். சூடான சிமெண்டில் அது மாறி மாறி நின்றுகொண்டிருந்தது. பிறகு டாக்ஸிக்காரனிடம் போய், "நீ போப்பா" என்றாள்.

கோச் ஒரு நீச்சல் உடையையும் தொப்பியையும் தேடி எடுத்துக் கொடுத்தாள். உடை மாற்றும் அறையிலிருந்து அக்கா வெளியே வந்தபோது யார் சிரித்திருந்தாலும் அவர்கள் கதி அதோகதிதான். ரப்பர் தொப்பிக்குள் தலை உரித்த வெங்காயம் மாதிரி இருந்தது. கை இரண்டையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, "ஆழம் எவ்வளவு?" என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை.

ஏணியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கும்போதே அக்காவின் பற்கள் தந்தியடித்தன. சித்தி தண்ணீரில் காத்திருந்தாள். இரண்டு பக்கமும் கோச்சும் பழைய கார்டும் கரையில் நின்றார்கள். நடுவில் அக்காவை விட்டுவிட்டாலோ, கரையை எட்டுமுன் எதையாவது பிடித்துக்கொண்டு நின்றாலோ டெஸ்ட் போச்சு என்று கோச் இன்னொரு முறை சொன்னாள். அக்கா ஏணியை விட்டாள்.

விட்ட மறு நொடி இரண்டு கையாலும் தங்கையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிடி என்றால் அப்படி ஒரு பிடி. சித்தியின் முகம் தண்ணீருக்குள் போனது. மேலே வர முடியவில்லை. உதைத்துப் பார்த்தாள், அக்காவின் முழுக் கனமும் அவள் தலைமேல் இருந்தது. அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. பயத்தின் பின்னாலேயே ஒரு கோபமும் வந்தது. இத்தனை வருஷமும் அடக்கி வைத்திருந்த கோபம், அதற்கு நேரம் காலம் தெரியவில்லை.

மூழ்குகிறவர்கள் கழுத்தைப் பிடித்தால் மேலே வரப் போராடக் கூடாது, கீழே போக வேண்டும் என்று கோச் சொல்லிக் கொடுத்திருந்தாள். சித்தி போராட்டத்தை நிறுத்தினாள். மூச்சை விட்டுவிட்டுக் கீழே போனாள். பிடித்தது கீழே போகிறது என்று தெரிந்ததும் அக்காவின் கை தளர்ந்தது. அந்தக் கணத்தில் கழுத்தை உருவிக்கொண்டு, பின்னால் சுற்றி வந்து, அக்காவின் மார்புக்குக் குறுக்கே கையைப் போட்டு, அவள் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கினாள்.

அக்கா இருமினாள், அலறினாள், மறுபடி பின்னால் கையை வீசிக் கழுத்தைத் தேடினாள்.

"கழுத்த விடு அக்கா."

"விட்டா முழுகிடுவேன்டி!"

"நான் பிடிச்சிருக்கேன். நீ விடு."

"என்ன விட்டுடாதடி!"

"விடமாட்டேன். நீ கைய எடு. எடுத்தாத்தான் ரெண்டு பேரும் போக முடியும். எடுக்கா!"

தங்கை தன்னை அதட்டி அக்கா கேட்டதே இல்லை. கையை எடுத்தாள். எடுத்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் தன் வயிற்றின் மேலேயே வைத்துக்கொண்டாள். சித்தி ஒரு கையால் தண்ணீரை வாரினாள், காலை அடித்தாள். அக்கா கனத்தாள். பாதித் தூரத்தில் தோள் பட்டை கழன்றுவிடும் போல இருந்தது. கரை அதே இடத்தில் நின்றது. அவள் கரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, பக்கத்தில் தெரிந்த அக்காவின் காதைப் பார்த்தபடி காலை அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் முதுகில் கரையின் ஓடு இடித்தது.

கோச் விசிலை ஊதிய ஊதலில் மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டார். தண்ணீரில் நின்ற பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். நாளைக்கும் அவர்கள் வரலாம், நாளை மறுநாளும் வரலாம். மேனேஜர் எழுந்து வந்தார். வேறு வழியில்லாமல், "திங்கக்கிழமை சேர்ந்துக்கங்கம்மா. ஒரு நாள் லேட்டா வந்தாலும் ஒத்துக்க மாட்டேன்" என்றார்.

"ஒரு நாளும் லேட்டா வரமாட்டேன்" என்றாள் சித்தி.

அக்காளும் தங்கையும் குளத்தின் ஓரத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். சித்தியின் கழுத்தில் நகம் பட்ட இடம் சிவந்து எரிந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தொடப் போனாள். பிறகு தொடவில்லை.

"உண்மையச் சொல்லு" என்றாள். "உள்ள நான் உன் கழுத்தப் பிடிச்சப்ப, என்ன அப்படியே விட்டுடலாம்னு உனக்குத் தோணிச்சா?"

வேறு நாளாக இருந்தால், ஐயோ அக்கா, என்ன பேச்சு இது என்று சொல்லியிருப்பாள்.

"தோணிச்சு" என்றாள் சித்தி. "ஒரு நிமிஷம் தோணிச்சுக்கா."

அக்கா தலையை ஆட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. தொப்பியைக் கழற்றி, பிழிந்து, பக்கத்தில் வைத்தாள்.

"நீ இரு, ஒடம்பு சூடேறட்டும். மெதுவா வா" என்று கையை ஊன்றி எழுந்தாள். "மெக்கானிக்க மறுபடி வரச்சொல்லி நான் போய்ப் பாத்துக்கறேன். கட்டிலையும் எடுத்து உள்ள வைக்கறேன்."